'பைலட் படிப்பு' என்று தனியாக ஒன்று இல்லை

ராமநாதபுரத்திலிருந்து மண்டபம் நோக்கிப் பேருந்தில் போகிறவர்கள், உச்சிப்புளியைக் கடக்கும்போது கடற்படை விமானமோ ஹெலிகாப்டரோ தாழ்வாகப் பறப்பதை ஒருமுறையாவது பார்த்திருப்பார்கள். 2009-இல் ஐஎன்எஸ் பருந்து என்ற பெயரில் கடற்படை விமானத் தளமாக ஆன இடம் அது. அதன் சத்தம் கேட்டே வளரும் இக்கரைப் பிள்ளைகளுக்கு விமானம் ஒன்றும் எட்டாத பொருளாகத் தெரிவதில்லை. ஆனால் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த வாரத்தில் பெற்றோர் கேட்கும் கேள்வி மட்டும் ஆண்டுதோறும் ஒன்றாகவே இருக்கிறது: "பைலட் கோர்ஸ் எந்தக் காலேஜில் இருக்கிறது, எத்தனை வருஷம்?"

அந்தக் கேள்விக்கு நேரான பதில் கிடையாது. விமானி ஆவதற்குப் பட்டம் தேவையில்லை, உரிமம் தேவை. பட்டத்தைக் கல்லூரி தருகிறது, உரிமத்தை அரசு தருகிறது. இந்த ஒரு வேறுபாடு தெரியாமல்தான் பலர் முதல் லட்சத்தைத் தவறான இடத்தில் கட்டுகிறார்கள்.

விமானப் பொறியியல் படித்தால் விமானி ஆகலாம் என்பது இதைவிடப் பரவலான நம்பிக்கை. ராமேஸ்வரத்தில் பிறந்த அப்துல் கலாம் சென்னை எம்ஐடியில் விமானப் பொறியியல் படித்துவிட்டு, விமானப்படை விமானி ஆவதற்கான தேர்வுக்குத் தனியாகப் போனார். இருந்த எட்டு இடங்களுக்கு ஒன்பதாவதாக வந்து வாய்ப்பை இழந்தார். இந்தக் கதையை நம் பள்ளிகளில் ஊக்கத்துக்காகச் சொல்கிறார்களே தவிர, அதற்குள் இருக்கும் தகவலை யாரும் கவனிப்பதில்லை: கையில் இருந்த பொறியியல் படிப்பு அவரை விமானி ஆக்கவில்லை. படகு கட்டும் ஆசாரியும் அதைக் கடலுக்குள் கொண்டுபோகிறவரும் வேறு வேறு ஆட்கள் என்பது இக்கரையில் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

உரிமமும் பறப்பு மணியும்

இருசக்கர வாகன உரிமம் வாங்கியவருக்கு இதன் அடிப்படை ஏற்கெனவே தெரியும். முதலில் எல்எல்ஆர் எடுக்கிறோம். பிறகு அதிகாரி முன்னால் ஓட்டிக் காட்டி உரிமம் பெறுகிறோம். லாரியோ பேருந்தோ ஓட்ட வேண்டுமானால் ஹெவி உரிமம் எடுக்கிறோம். விமானத்திலும் இப்படி ஒரு படிக்கட்டு உண்டு. ஆர்டிஓ அலுவலகம் இருக்கும் இடத்தில் டிஜிசிஏ இருக்கிறது. மத்திய அரசின் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககத்தை எல்லோரும் அப்படித்தான் அழைக்கிறார்கள்.

இந்த ஒப்பீடு ஓர் இடத்தில் நின்றுவிடுகிறது. கார் உரிமம் கேட்டுப் போனவரிடம், இதுவரை எத்தனை மணி நேரம் ஓட்டியிருக்கிறாய் என்று யாரும் கேட்பதில்லை. அங்கே சரக்குக் கப்பலைத்தான் உவமையாகக் கொள்ள வேண்டும். கப்பல் வேலைக்குப் போனவர் இருக்கும் வீட்டில் 'சீ டைம்' என்ற சொல் பழக்கமானது: தேர்வில் எவ்வளவு மதிப்பெண் எடுத்தாலும், கடலில் இருந்த மாதங்களைக் கணக்குக் காட்டாமல் அடுத்த பதவிக்கான சான்று கிடைக்காது. விமானத்தில் மாதத்துக்குப் பதிலாக மணிக்கணக்கு. இதைத்தான் பறப்பு மணி என்கிறார்கள். ஒவ்வொரு பறப்பையும் நாள், விமானம், புறப்பட்ட இடம், சேர்ந்த இடம், நேரம் ஆகியவற்றோடு எழுதி வைக்கும் பதிவேடு லாக் புக். விமானியின் உண்மையான சான்றிதழ் அந்தப் பதிவேடுதான் என்பது என் எண்ணம்.

படிகள் மூன்று. மாணவர் உரிமத்துக்கு 16 வயதும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் போதும். அது எல்எல்ஆர் போன்றது, பயிற்சிக்கு மட்டுமே. தனியார் விமானி உரிமத்துக்கு 17 வயதும் 40 மணி நேரப் பறப்பும் வேண்டும். இதை வைத்துக்கொண்டு நண்பரை ஏற்றிப் பறக்கலாம், ஆனால் அதற்குக் கூலி வாங்க முடியாது. சம்பளத்துக்கு ஓட்டுவதற்கான உரிமம் மூன்றாவது படி. வணிக விமானி உரிமம் எனப்படும் அதை எல்லோரும் சிபிஎல் என்றே சொல்கிறார்கள். அதற்கு 18 வயதும், பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும், 200 மணி நேரப் பறப்பும் வேண்டும்.

அந்த 200 மணியையும் விருப்பம்போல் ஊரைச் சுற்றி வந்து நிரப்பிவிட முடியாது. அதில் 100 மணி நேரம் விமானத்தின் முழுப் பொறுப்பும் மாணவர் கையில் இருந்திருக்க வேண்டும். இரவுப் பறப்பு, கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பது ஆகியவற்றுக்குத் தனிக் கணக்கு உண்டு. இடையில் வேறு இரண்டு விமான நிலையங்களில் இறங்கி ஏறி, மொத்தம் 300 கடல் மைலுக்குக் குறையாத ஒரு நெடும்பயணத்தையும் மாணவரே பொறுப்பேற்று முடிக்க வேண்டும். ஒரு கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர். ஆக அந்தப் பயணம், ராமநாதபுரத்திலிருந்து சென்னைக்கு நேர்கோடு போட்டால் வரும் தொலைவையும் தாண்டிவிடும்.

ரேட்டிங் என்ற சொல்

'பையன் சிபிஎல் முடித்துவிட்டான், இன்னும் வேலை இல்லை' என்று யாராவது சொன்னால், பெரும்பாலும் இந்தச் சொல்லில்தான் சிக்கல் இருக்கும். ரேட்டிங் என்பது உரிமத்தின் மேல் ஒட்டப்படும் கூடுதல் தகுதி. பத்து வருஷம் வல்லம் ஓட்டியவரை ஒரே நாளில் பெரிய விசைப்படகில் ஏற்றி, 'நீயே கொண்டுபோ' என்று எந்த முதலாளியும் சொல்ல மாட்டார். கடலும் காற்றும் அவருக்குப் பழக்கம்தான். அந்த இஞ்சினும் அந்த எடையும் பழக்கமில்லை. அதுபோலவே, சிபிஎல் எடுத்தவர் பெரும்பாலான மணிகளைச் செஸ்னா 172 போன்ற ஒற்றை இஞ்சின் சிறு விமானத்தில் பறந்திருப்பார். விமான நிறுவனத்துக்குப் போக, இரட்டை இஞ்சின் தகுதியும், வெளியே ஒன்றும் தெரியாதபோது கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் தகுதியும், ஏர்பஸ் 320 அல்லது போயிங் 737 போன்ற ஒரு குறிப்பிட்ட விமான வகைக்கான டைப் ரேட்டிங்கும் வேண்டும். டைப் ரேட்டிங்கின் பெரும்பகுதி, விமானியின் அறையை அப்படியே பெயர்த்து வைத்ததுபோன்ற சிமுலேட்டர் என்ற பாவனை இயந்திரத்தில் நடக்கிறது. அதற்கான செலவு சிபிஎல் செலவில் பெரும்பாலும் சேராது. சேர்க்கையின்போது யாரும் வாய் திறந்து சொல்லாத விஷயம் இதுதான்.

இவ்வளவும் முடித்தவர் வலப்பக்க இருக்கையில் துணை விமானியாக உட்காருகிறார். இடப்பக்க இருக்கையில் கேப்டனாக அமர, 1,500 மணி நேரம் கேட்கும் மற்றோர் உரிமம் இருக்கிறது. அதைப் பற்றி இப்போது கவலைப்பட வேண்டியதில்லை.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: அரசு தருவது உரிமம், அந்த உரிமத்துக்கு விலை பறப்பு மணி, எந்த விமானத்தை, எந்தச் சூழலில் ஓட்டலாம் என்பதைச் சொல்வது ரேட்டிங்.

முதல் கட்டணம் மருத்துவருக்கு

எங்கள் தெருவில் ஒரு குடும்பம், பெருநகரத்துப் பயிற்சி மையம் ஒன்றில் மகனைச் சேர்ப்பதற்காக நகையை அடகு வைத்து முன்பணம் கட்டியது. நான்கு மாத வகுப்புக்குப் பிறகுதான் மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவதில் பையனுக்குக் குறை இருப்பது அப்போதுதான் வீட்டுக்கே தெரிந்தது. கட்டிய பணம் திரும்பி வரவில்லை. பரிசோதனை முதல் வாரத்திலேயே நடந்திருந்தால் சில ஆயிரம் ரூபாயோடு முடிந்திருக்கும்.

ஆகவே வரிசை முக்கியம். முதலில், டிஜிசிஏ ஒப்புதல் பெற்ற மருத்துவரிடம் வகை 2 மருத்துவச் சான்று பெற வேண்டும். அதன் பிறகு, சிபிஎல்லுக்குக் கட்டாயமான வகை 1 சான்று; கண், காது, இதயம், இரத்தம் என்று விரிவாகச் சோதிக்கும் இதை விமானப்படையின் மருத்துவ மையங்களிலும் ஒப்புதல் பெற்ற சில மருத்துவமனைகளிலும் எடுக்கிறார்கள். கண்ணாடி போட்டவர் விமானி ஆக முடியாது என்பது தவறு. கண்ணாடி போட்ட பிறகு பார்வை உரிய அளவுக்கு வருகிறதா என்பதுதான் கேள்வி. போர் விமானத்துக்கான கடுமையான அளவுகோலைச் சிவில் விமானத்துக்கும் பொருத்திப் பேசுவதால் வந்த குழப்பம் இது.

வானில் உண்மையில் என்ன கற்பிக்கிறார்கள்?

பயிற்சியின் முதல் அரை மணி நேரம் தரையில்தான் போகிறது. மாணவர் விமானத்தைச் சுற்றி நடந்து, தொட்டும் தட்டியும் பார்க்கிறார். இறக்கைக்கு அடியில் உள்ள சிறு குழாயை ஒரு கண்ணாடிக் குப்பியால் அழுத்தினால் கொஞ்சம் பெட்ரோல் இறங்கும். செஸ்னாவுக்கு ஊற்றும் விமானப் பெட்ரோல் வெளிர் நீலமாக இருக்கும். அதைச் சூரிய வெளிச்சத்தில் பிடித்து, அடியில் நிறமில்லாத குமிழாகத் தண்ணீர் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். விசைப்படகில் டீசல் பில்டரின் அடித் திருகைத் திறந்து தண்ணீரை வடித்துவிட்டுப் பிறகு இஞ்சினைத் தொடும் டிரைவருக்கு இதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. வேறுபாடு ஒன்றுதான்: கடலில் இஞ்சின் நின்றால் நங்கூரம் போட்டுக்கொண்டு காத்திருக்கலாம்.

இனி, விமானம் ஏன் பறக்கிறது என்ற கேள்வி. ஓடும் பேருந்தின் சன்னலுக்கு வெளியே கையை நீட்டி, உள்ளங்கையின் முன்பக்கத்தைச் சற்றே உயர்த்திய குழந்தைப் பருவ அனுபவம் எல்லோருக்கும் இருக்கும்; காற்று கையை மேலே தூக்கும். (கையை நீட்டாதீர்கள் என்று நடத்துநர் சத்தம் போட்டதும் நினைவிருக்கும்.) இறக்கையும் இதையே செய்கிறது. முன்விளிம்பு சற்று உயர்ந்த நிலையில் காற்றைக் கிழித்துச் செல்லும்போது, அது காற்றைக் கீழ்நோக்கித் தள்ளுகிறது. காற்று இறக்கையை மேல்நோக்கித் தள்ளுகிறது. இந்த மேல்நோக்கிய விசையின் பெயர் தூக்குவிசை. இஞ்சினின் வேலை விமானத்தை நேரடியாகத் தூக்குவதன்று. இறக்கையின் மேல் காற்று ஓடும்படி விமானத்தை முன்னே இழுப்பதுதான்.

அப்படியானால் முன்விளிம்பை மேலும் மேலும் உயர்த்தினால் மேலும் மேலும் தூக்குமா? ஓர் எல்லைவரை தூக்கும். எதிரே வரும் காற்றோடு இறக்கை ஏறக்குறைய 15 பாகைக்கு மேல் சாய்ந்துவிட்டால், அதன் மேற்பரப்பை ஒட்டி வழுக்கிச் செல்லும் காற்று பிய்ந்துகொள்கிறது. தூக்குவிசை சட்டென்று குறைகிறது. இதற்கு ஸ்டால் என்று பெயர். இஞ்சின் நின்றுபோவதைத்தான் ஸ்டால் என்று பலர் நினைக்கிறார்கள். கார் ஓட்டுகிறவர்கள் அந்தச் சொல்லை அப்படிப் பயன்படுத்துவதால் வந்த வினை. விமானத்தில் இஞ்சின் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதும் ஸ்டால் வரும். மாறாக, இஞ்சின் நின்றுபோன விமானம் கல்லைப்போல் விழுவதில்லை. செஸ்னா 172 ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து ஏறக்குறைய ஒன்பது கிலோமீட்டர் தொலைவுக்குச் சறுக்கிச் செல்லும். பாம்பன் பாலத்தின் மேல் இறக்கையை அசைக்காமல் மிதக்கும் செம்பருந்துக்கு ஏது இஞ்சின்?

ஸ்டாலிலிருந்து மீளும் முறை, பழக்கமில்லாதவரின் உள்ளுணர்வுக்கு நேர் எதிரானது. விமானம் அமுங்கும்போது, கையில் இருக்கும் கைப்பிடியைப் பின்னால் இழுத்து மூக்கைத் தூக்கவே மனம் துடிக்கும். அப்போது மூக்கைத் தாழ்த்த வேண்டும். காற்று மறுபடி இறக்கையை ஒட்டி ஓட வேண்டும். போதுமான உயரத்தில் ஆசிரியர் வேண்டுமென்றே ஸ்டால் செய்து காட்டி, மாணவரையும் பலமுறை செய்யவைப்பதன் காரணம் இதுதான். மணிக்கணக்கு ஏன் தேவை என்பதற்கு இதைவிட நல்ல விடை எனக்குத் தெரியவில்லை: புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்துவிடலாம், கை அதை ஒப்புக்கொள்ளப் பல மணி நேரம் பிடிக்கும்.

தரையிலும் ஒரு வேடிக்கை உண்டு. கையில் இருப்பது கார் ஸ்டீயரிங்போல் தெரிவதால், புதியவர் ஓடுதளத்துக்குப் போகும் வழியில் அதைத் திருப்பிக்கொண்டே இருப்பார், விமானம் திரும்பாது. தரையில் விமானத்தைத் திருப்புவது கால் பெடல். வானில் கைப்பிடி இறக்கையைச் சாய்க்கிறது, பெடல் வாலில் உள்ள சுக்கானை அசைக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் திருப்பம் ஒழுங்காக வரும்.

காற்றைப் பொறுத்தவரை நம் கரைக்காரர்களுக்குப் பாதிப் பாடம் முன்பே முடிந்துவிட்டது என்பேன். கச்சான் காற்று பலமாக வீசும் நாளில் கரையில் ஒரு குறியை நோக்கிப் போகும் படகின் அணியத்தை, அதாவது முன்பகுதியை, யாரும் அந்தக் குறிக்கு நேராகப் பிடிப்பதில்லை. காற்றும் நீவாடு எனப்படும் நீரோட்டமும் தள்ளுவதைக் கணக்கிட்டு, காற்று வரும் பக்கமாகச் சற்று ஏற்றிப் பிடிக்கிறார்கள். படகு ஒரு பக்கம் பார்க்கும், மறுபக்கம் போகும். பக்கவாட்டுக் காற்றில் இறங்கும் விமானமும் நண்டு நடப்பதுபோல் மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டே ஓடுதளத்தை நெருங்குகிறது. தரையைத் தொடும் தறுவாயில் விமானி பெடலால் அதை நேராக்குகிறார். ஏறுவதும் இறங்குவதும் இயன்றவரை எதிர்க்காற்றில்தான். ஓடுதளத்தின் இரு முனைகளிலும் எழுதியிருக்கும் எண் அதற்குத்தான் உதவுகிறது. மதுரை ஓடுதளத்தில் ஒரு முனையில் 09, மறுமுனையில் 27. கடைசியில் ஒரு சுழியத்தைச் சேர்த்துப் படித்தால் 90 பாகை கிழக்கு, 270 பாகை மேற்கு. கச்சான் மேற்கிலிருந்து வீசினால் 27-ஐப் பிடித்து மேற்கு நோக்கி ஏற வேண்டும்.

சுருங்கச் சொன்னால், இறக்கையின் மேல் காற்று ஒழுங்காக ஓடும்வரை விமானம் பறக்கும். பயிற்சி என்பது அந்த ஓட்டத்தைக் கையாலும் காலாலும் காத்துக்கொள்ளப் பழகுவது.

தாளில் எழுதும் தேர்வுகள்

வழிகாணல், வானிலை, விமானச் சட்டவிதிகள், விமானத் தொழில்நுட்பம் ஆகியவற்றில் டிஜிசிஏ தேர்வுகள் நடக்கின்றன. தேர்ச்சிக்கு 70 விழுக்காடு வேண்டும். கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு வானொலியில் பேசுவதற்கு ஆர்டிஆர் என்ற தனிச் சான்று உண்டு. அங்கே அழகான ஆங்கிலம் தேவையில்லை. குழப்பமில்லாத ஆங்கிலம் தேவை. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் இதற்கு அஞ்சிப் பின்வாங்க வேண்டாம்.

இந்தத் தேர்வுகளின் கணக்கு எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு சான்று. 60 கடல் மைல் பயணத்தில் திசை ஒரு பாகை பிசகினால், போய்ச் சேரும் இடம் ஒரு கடல் மைல் தள்ளிப்போகும். வழிகாணலில் தினமும் பயன்படும் விதி இது. எட்டாம் வகுப்புக் கணிதம் போதும். கடல் எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பிழைப்பு நடத்தும் பாக் நீரிணையில், ஒரு பாகைப் பிசகுக்கு என்ன விலை என்பது பலருக்கு நன்றாகவே தெரியும்.

பணமும் பள்ளியும்

சிபிஎல் பயிற்சிக்கு இந்தியாவில் பொதுவாக 40 லட்சத்துக்குக் குறையாமல் ஆகிறது. டைப் ரேட்டிங்கையும் தங்குமிடச் செலவையும் சேர்த்தால் 60 லட்சத்தைத் தாண்டுவதும் உண்டு. உச்சிப்புளித் தளம் கடற்படைக்குரியது. அங்கே பொதுமக்களுக்குப் பயிற்சி கிடையாது. எனவே எப்படியும் வெளியூர்தான். உத்தரப் பிரதேசத்தின் ஃபுர்சத்கஞ்சில் மத்திய அரசின் இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாதமி இருக்கிறது. நுழைவுத் தேர்வு வைத்துச் சேர்க்கிறார்கள். டிஜிசிஏ ஒப்புதல் பெற்ற பள்ளிகளின் பட்டியல் அதன் இணையதளத்தில் இருக்கிறது. பட்டியலில் இல்லாத இடத்தில் பேசவே வேண்டாம்.

பள்ளியைப் பார்க்கப் போகிறவர்கள் கட்டடத்தையும் சீருடையையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கேட்க வேண்டியது வேறு. இன்று பறக்கும் நிலையில் இருக்கும் விமானங்கள் எத்தனை, மாணவர்கள் எத்தனை பேர், சென்ற மாதம் ஒரு மாணவர் சராசரியாக எத்தனை மணி பறந்தார்? மாதம் பத்து மணிதான் கிடைக்கும் என்றால், 200 மணிக்கு இருபது மாதம். அவ்வளவு காலமும் விடுதிச் செலவு ஓடிக்கொண்டிருக்கும். இந்த எண்ணைச் சொல்லத் தயங்கும் இடத்தில் பணம் கட்டத் தயங்குவதே நல்லது. முழுத் தொகையையும் முன்கூட்டிக் கட்டச் சொன்னால், பறக்கும் மணிக்கு ஏற்பத் தவணையாகத் தருகிறோம் என்று கேட்டுப் பாருங்கள்.

பணமில்லாத வீட்டுப் பிள்ளைக்குப் படை வழி உண்டு. யுபிஎஸ்சி நடத்தும் என்டிஏ (தேசியப் பாதுகாப்பு அகாதமி) தேர்வைப் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போதே எழுதலாம். 2021 முதல் பெண்களும் எழுதுகிறார்கள். பயிற்சிச் செலவு முழுவதும் அரசுடையது. ஆனால் அது ராணுவப் பணி. போட்டியும் உடல் அளவுகோலும் கடுமையானவை.

விண்ணப்பத்துக்கு முன்

டிஜிசிஏ தேர்வு எழுத, கணினி எண் என்ற பதிவு எண் வேண்டும். அதற்குப் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புச் சான்றுகளைத் தேர்வுத் துறையே சரிபார்த்துத் தர வேண்டியிருக்கும். பன்னிரண்டாம் வகுப்பில் வணிகவியல் எடுத்தவர்கள், தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியாக இயற்பியலையும் கணிதத்தையும் மட்டும் தனியாக எழுதிவிட்டு வருவதுண்டு. இந்தப் பாட விதியைத் தளர்த்தும் பேச்சும் நடக்கிறது என்பதால், சேரும் ஆண்டில் நடப்பு விதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நம் பக்கத்துப் பிள்ளைகள் அதிகம் மாட்டிக்கொள்வது பெயரில்தான். பத்தாம் வகுப்புச் சான்றில் 'மு. செய்யது' என்று முதலெழுத்தோடு இருக்கும். ஆதாரில் தந்தை பெயர் விரிந்து பின்னால் நிற்கும். பாஸ்போர்ட்டில் அதுவே குடும்பப் பெயராகி முன்னால் வந்திருக்கும். போதாக்குறைக்கு ஆங்கில எழுத்துக்கூட்டு மூன்றிலும் மூன்று விதமாக இருக்கும். அதிகாரிக்கு இவை மூன்று ஆட்கள். பத்தாம் வகுப்புச் சான்றை அடிப்படையாக வைத்து மற்ற இரண்டையும் அதற்கு ஒத்துவரும்படி திருத்த இ-சேவை மையத்துக்கும் பாஸ்போர்ட் அலுவலகத்துக்கும் அலைவதில் சில மாதங்கள் போய்விடும். மருத்துவரிடம் நாள் குறித்த அன்றே அந்த வேலையையும் தொடங்கிவிடலாம்.